அறுபத்தெட்டு கிலோ

மார்ச் 3, செவ்வாய்

என் நாத்தனார் யாரிடமோ சொன்னது நாலு வீடு சுற்றி இன்று என் காதுக்கு வந்து சேர்ந்தது. "பாவம், அண்ணன் போனதுலேர்ந்து அண்ணி அவரோட காரக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்காங்க."

இதில் இரண்டு தவறுகள். கார் அவருடையது அல்ல. நான் தேர்ந்தெடுத்து, என் பெயரில் வாங்கியது. அவர் அதில் மொத்தமே மூன்று முறைதான் உட்கார்ந்திருக்கிறார், மூன்று முறையும் கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது, நான் அழவில்லை. இன்று காலை பதினொன்றரை வரை மெக்கானிக் ஷெட்டில் நின்றுகொண்டு பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றுவதை மேற்பார்வை பார்த்தேன். அழுகிறவள் மேற்பார்வை பார்க்க முடியாது.

புது ஸ்பிரிங் வந்துவிட்டது. நான்கும் ஏற்றி இறக்கக்கூடியவை. மே மாதம் எங்கள் கார் பந்தய கிளப்பின் நேரப் போட்டி. போன வருடம் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. இந்த வருடம் ஐம்பத்தைந்துக்குள் வர வேண்டும். எனக்கு எழுபத்தொன்று. தள்ளிப்போட நேரமில்லை.

மார்ச் 5, வியாழன்

ஓட்டும்போது போடும் ஓவராலை மறுபடியும் தையற்காரரிடம் பிடிக்கக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது.

மார்ச் 7, சனி

கிளப்பில் எல்லோரும் மெக்கானிக்கைப் 'பத்தாம் நம்பர்' என்றே கூப்பிடுகிறார்கள். பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடாமல் அவர் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. பள்ளியில் கன்னியாஸ்திரிகள் என்னை அப்படி வளர்க்கவில்லை.

இன்று எடைச் சமன். காரின் நான்கு சக்கரங்களுக்கும் கீழே நான்கு தராசு. ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார வேண்டும். அப்போது ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்த்து, ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருகி ஏற்றியும் இறக்கியும் சரிசெய்வார்கள்.

"கொஞ்சம் உள்ள உக்காருங்கம்மா. ரெண்டு நிமிஷம்."

அந்த நேரம் பார்த்து கிளப் செயலாளராக இருக்கிற அந்தப் பல் டாக்டர் இன்னும் இரண்டு பேரோடு காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நாலு ஆண்களுக்கு நடுவில் என்னை நிறுத்துப் பார்ப்பதா? நான் என்ன உருளைக்கிழங்கா?

"என் எடை அறுபத்தெட்டு. எழுதிக்கொள்ளுங்கள்."

"இல்லம்மா, உக்காந்துட்டா கரெக்டா—"

"நான் சொன்னால் போதாதா?"

"போதும்மா," என்றார். ஒரு சிமெண்ட் மூட்டையையும் பதினெட்டு கிலோ இரும்புத் துண்டுகளையும் தூக்கி என் இருக்கையில் வைத்தார். மாலை நான்கு மணி வரை வளையம் வளையமாகத் திருகினார். வேலை சுத்தம். மறுப்பதற்கில்லை.

அறுபத்தெட்டு என்பது என் இரத்த அழுத்த அட்டையில் டாக்டர் கையெழுத்தில் இருக்கிற எண்.

மார்ச் 15, ஞாயிறு

டிராக்கில் பயிற்சி. மூன்றாம் வளைவில் கார் சுழன்றது.

வேகம் அதிகமில்லை. பிரேக் எப்போதும் பிடிக்கிற இடத்தில்தான் பிடித்தேன். வலப்பக்கம் திருப்பினேன், பின்பக்கம் என்னைக் கேட்காமலே முந்திக்கொண்டு வந்தது. ஒரு முழுச் சுற்று. சரளைக்கல்லில் போய் நின்றேன். மஞ்சள் கொடி. எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனார்கள். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

காரில் கீறல் இல்லை. எனக்கும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

யார் சொன்னார்களோ, மகன் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டுவிட்டான்.

"என்னம்மா, சுத்திட்டியாமே?"

"கார் சுற்றியது."

"நீ உள்ளதானே இருந்த? சரி விடு. என்ன சாப்பிட்ட?"

"எல்லாம் சாப்பிட்டேன்."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாம்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சாப்பிட்டது ஒரு துண்டு ரொட்டி. ஒருத்திக்காக அடுப்பு பற்றவைப்பது வீண் வேலை. அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

இருபத்திரண்டு சுற்று. சுழலவில்லை. ஆனால் மூன்றாம் வளைவிலும் ஏழாம் வளைவிலும் பின்பக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. கை முழுக்க வலி. போன வருடம் இந்தக் கார் நான் நினைப்பதற்கு முன்பே செய்யும். இப்போது நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வேறெதையோ செய்கிறது.

காரா, நானா?

மார்ச் 29, ஞாயிறு

ஏழாம் வளைவு. மறுபடியும்.

இந்த முறை பல் டாக்டரே ஓடி வந்தார். கதவைத் திறந்து கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார். தட்டிவிட்டேன்.

"ஒண்ணும் தப்பா நினைக்காதீங்கம்மா. வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல. கண்ணு, கை, எல்லாம் கொஞ்சம் லேட்டாகும்."

"உங்களுக்கு அறுபத்திரண்டு. பல் பிடுங்குவதை நிறுத்திவிட்டீர்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கூடத்தில் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நாட்காட்டியைப் படித்தேன். தெளிவாகத் தெரிகிறது. எனக்கு வயசாயிடுச்சா? ஆயிடுச்சு. அதுக்காக? கார் கோணலா போறதுக்கெல்லாம் நான்தான் காரணமா?

மார்ச் 30, திங்கள்

கிளப்புக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். புது ஸ்பிரிங் பொருத்துவதற்கு முன் இந்தக் கோளாறு இல்லை, ஆகவே பொருத்தியதில் கவனக்குறைவு, கிளப் இதை விசாரிக்க வேண்டும் என்று. அடித்தல் திருத்தல் இல்லாத கடிதம். அனுப்பிய பிறகு மனம் அமைதியாகும் என்று நினைத்தேன். வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஒவ்வொரு பந்தய நாளும் காலையில் எல்லாக் கார்களையும் பரிசோதித்து அனுப்புகிற மேசை மெக்கானிக்குடையது. ஒன்பது வருடமாக. என் கடிதத்துக்குப் பிறகு அவரை அதிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மகன்தான் சொன்னான்.

மெக்கானிக் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுச் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 6, திங்கள்

செயலாளரிடமிருந்து கடிதம். அரைப் பக்கத்தில் மூன்று எழுத்துப்பிழை. மெக்கானிக் பற்றி விசாரணை நடக்கிறதாம். 'எது எப்படியிருந்தாலும், தங்கள் பாதுகாப்பை முன்னிட்டு' மே போட்டியில் நான் வேறொருவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் கௌரவ விருந்தினராகச் சுற்றி வரலாமாம். பூங்கொத்தும் உண்டாம்.

பூங்கொத்து.

ஏப்ரல் 8, புதன்

இன்று காலையிலிருந்து சுற்றுக் குறிப்புகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டேன். ஓடிய ஒவ்வொரு சுற்றையும் வீட்டுக்கு வந்ததும் எழுதிவைக்கிற வழக்கம் எனக்கு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், அறுபத்தொரு சுற்று. இரண்டு சுழற்சி, பதினாறு நழுவல்.

பதினெட்டும் வலப்பக்க வளைவுகளில். இடப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே பின்பக்கம் ஆணி அடித்தது போல நிற்கிறது, மூக்குதான் திரும்ப மனமில்லாமல் அகலமாகப் போகிறது.

கண் மங்கினால் இரண்டு பக்கமும் மங்கும். கை தாமதித்தால் இரண்டு பக்கமும் தாமதிக்கும். முதுமைக்கு இடம் வலம் தெரியாது. ஆக, அந்தப் பல் டாக்டர் சொன்னது தவறு. எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன், தவறு என்று.

பிறகு உட்கார்ந்தேன். ஸ்பிரிங் கோளாறு என்றால் எந்தப் பக்கம்? நான்கும் ஒரே வகை, ஒரே நாளில் வந்தவை. மெக்கானிக் அளந்த தாளை எடுத்தேன். சக்கரம் சக்கரமாக எழுதியிருக்கிறார். கணக்கில் பிழையில்லை, ஒரு கிலோகூட இடிக்கவில்லை. வலப்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்டீயரிங் இருக்கிறது. நான் இருக்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எடை பார்க்கும் கருவி அலமாரியின் பின்னால் சுவரோடு சாய்ந்து கிடந்தது. என் கணவர் போன பிறகு நான் அதில் ஏறவே இல்லை. இரண்டு வருடம், நாலு மாதம். துடைத்து, புது பேட்டரி போட்டேன்.

நாற்பத்தேழு.

இறங்கி மறுபடி ஏறினேன். நாற்பத்தேழு. கருவி கெட்டிருக்கும் என்று ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். ஐந்து காட்டியது.

ஓவரால், காலணி, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறினேன். ஐம்பது.

மெக்கானிக் கார் முழுவதையும் என்னைவிடப் பதினெட்டு கிலோ கனமான ஒருத்திக்காகச் சரிசெய்து வைத்திருக்கிறார். நான் உட்கார்ந்தால் வலப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் வர வேண்டிய பாரம் வரவில்லை. அது பிடி விடுகிறது. விடாமல் என்ன செய்யும்.

உக்காருன்னு சொன்னாரு. ரெண்டு நிமிஷம்னாரு. கேட்டேனா?

ஏப்ரல் 10, வெள்ளி

ஓவரால் துணி தளரவில்லை.

ஏப்ரல் 11, சனி

ஷெட்டுக்குப் போனேன். அவர் வேறொரு காரின் அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்குக் கால் வசதியான இடம் என்று தோன்ற, அப்போதே சொல்லிவிட்டேன். "என் எடையைத் தவறாகச் சொன்னேன். உங்கள் வேலையில் குறையில்லை."

ஸ்பானரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு உருண்டு வெளியே வந்தார்.

"இப்ப எவ்வளவும்மா?"

"நீங்களே பாருங்கள்."

தராசுகளை விரித்தார். முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்தேன். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் எண்களைக் கூட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "கரெக்டா ஒரு மூட்டை சிமெண்ட். அன்னைக்கு அந்த இரும்பையெல்லாம் வீணா தூக்கிட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நான் அசையாமல் உட்கார்ந்திருக்க, அவர் வளையங்களைத் திருகினார். நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் தன் டப்பாவிலிருந்து இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இதைச் சாப்பிட்டா எடை மாறும். அப்பறம் மறுபடி முதல்லேர்ந்து," என்றேன்.

"மாறட்டும். திருகிக்கலாம்."

இரண்டையும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

டிராக்கில் இன்று பொதுப் பயிற்சி நாள். கிளப்புக்குச் சம்பந்தமில்லை, யாரும் ஓட்டலாம். மெக்கானிக் ஸ்டாப்வாட்சோடு வேலிப் பக்கம் நின்றார்.

முதல் நான்கு சுற்று பயந்து ஓட்டினேன். ஐந்தாவதில் மூன்றாம் வளைவுக்குள் பழைய வேகத்திலேயே போனேன். வலப்பக்கம் திருப்பினேன். கார் திரும்பியது. அவ்வளவுதான். திரும்பிவிட்டு அடுத்து என்ன என்று கேட்டது.

பதினான்கு சுற்று. ஒரு நழுவல்கூட இல்லை. பதினோராவது சுற்று ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து புள்ளி நான்கு.

ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவர் சொன்னார். "அம்மா, ஒரு யோசனை. நான்தான் தப்பா வெச்சேன், இப்ப சரி பண்ணிட்டேன்னு சொல்லிடறேன். உங்க எடை எதுக்கு வெளிய வரணும்? தெரிஞ்சா டாக்டர் சர்டிஃபிகேட் அது இதுன்னு ஆரம்பிப்பாங்க. உங்க சீட்டே போயிடும்."

"உங்கள் மேசை?"

"மேசை என்னம்மா மேசை. வெயில்ல நின்னு அடுத்தவன் பிரேக்கைப் பாக்கறது."

பொய் சொல்கிறார். பந்தய நாட்களில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறவர் அவர்.

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்று சொன்னதே அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 16, வியாழன்

காலையிலிருந்து நடை. கூடம், சமையலறை, கூடம். மெக்கானிக் சொன்னபடி விட்டால் மே மாதம் நான் ஓட்டுவேன். ஐம்பத்தைந்துக்குள் நிச்சயம். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். காலையில் மேசைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார், நான் அவர் முன்னால் காரை நிறுத்தி "குட் மார்னிங்" சொல்ல வேண்டும்.

முடியாது.

மத்தியானம் அடுப்பு பற்றவைத்தேன். சோறு, பருப்பு, ஒரு காய். முழுவதும் சாப்பிட முடியவில்லை. பாதி.

ஏப்ரல் 18, சனி

மகனிடம் எண்ணைச் சொன்னேன். எத்தனை என்று இரண்டு முறை கேட்டான். பிறகு, "ஏம்மா, நான் தினமும் கேட்டேனே," என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போக வருகிறான். வரட்டும்.

ஏப்ரல் 20, திங்கள்

தபாலில் சேர்த்துவிட்டேன். நகல் இங்கே:

செயலாளர் அவர்களுக்கு,

மார்ச் 30 தேதியிட்ட என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அது தவறான புகார். எடைச் சமன் செய்த அன்று மெக்கானிக் என்னை இருக்கையில் உட்காரச் சொன்னார். தாங்களும் அங்கே இருந்தீர்கள். நான் மறுத்து, அறுபத்தெட்டு கிலோ என்று சொன்னேன். என் எடை நாற்பத்தேழு. என் சொல்லை நம்பியது தவிர அவர் செய்த பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை கார் சுழன்றதற்கும் நானே காரணம். ஆனால் தாங்கள் சொன்ன காரணத்தால் அல்ல. பழைய அளவும் புது அளவும், ஏப்ரல் 15 அன்று ஓடிய பதினான்கு சுற்றுகளின் நேரமும் இத்துடன் உள்ளன.

நாளை மருத்துவரைப் பார்க்கிறேன். அவர் சொல்வது எதுவானாலும் மறைக்காமல் அனுப்பிவைப்பேன். பக்கத்து இருக்கையும் பூங்கொத்தும் வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. மெக்கானிக்குக்கு அவருடைய மேசை எந்தத் தேதியிலிருந்து திரும்பக் கிடைக்கும்? மருத்துவர் சம்மதித்தால் மே மாதம் நான் ஓட்டலாமா? முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதற்காகக் காத்திருக்கக் கூடாது. தொலைபேசியில் சொல்ல வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனியே எழுத்தில் பதில் அனுப்புங்கள்.