சந்தனம் பூசிய இரும்பு

அண்ணே,

இன்று மத்தியானம் பெக்கோக் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மேல் பலகையைப் பெயர்த்ததும் எண்ணெய்த் தாளின் வாசனைக்கு நடுவே ஒரு புளித்த வாடை எழுந்தது. மூன்று வருஷமாக இந்த ஸ்டோரில் அந்த வாடை வரவில்லை. மறந்துவிட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நாளை ஆயுத பூசை வேறு.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். நீங்கள் இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை. லாரிக் கொட்டகையிலிருந்து நீங்கள் கத்துவீர்கள், ஸ்டோர் ஜன்னலிலிருந்து நான் கத்துவேன், அதோடு சரி. எஸ்டேட்டின் ஒரே லாரிக்கு டிரைவரும் நீங்கள்தான், வைத்தியரும் நீங்கள்தான். நான் ஸ்டோர் கிராணி, கணக்கெழுதுகிறவன். ஆணியிலிருந்து டயர்வரை என் சாவிக்குள் அடக்கம். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

புதுச் சாமான் எது வந்தாலும் நீங்கள் ஒரு கூத்து நடத்துவீர்கள். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, உங்கள் சின்ன ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பீர்கள். சந்தையில் பெண்கள் மண்சட்டியைச் சுண்டிப் பார்ப்பார்களே, அது போல. "அடிச்சுச் செஞ்ச இரும்பு பாடும், ஊத்திச் செஞ்ச இரும்பு மொனகும்" என்பீர்கள். முனகியது உடனே என் ஸ்டோருக்குத் திரும்பி வரும்.

"என்னாண்ணே, பொண்ணு பாக்கப் போன எடத்துல பாட்டுப் பாடச் சொல்ற மாதிரி!" என்று கேலி செய்வேன்.

நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். "மேட்டுல எறங்குறது நானு. நீயில்ல."

ரப்பர் விலை விழுந்து துரை எல்லாவற்றிலும் மலிவு தேடிய வருஷம் அது. லாரியின் முன்சக்கரங்களைத் திருப்பும் வளைந்த இரும்புக் கை தேய்ந்துபோயிருந்தது. நான்கு நாளாக வண்டி நின்று, ரப்பர் ஷீட்டு புகைக்கொட்டகையில் குவிந்து கிடந்தது. துரை தினமும் வந்து என்னைத்தான் திட்டினார். பூசைக்கு முதல் நாள் சிங்கப்பூரிலிருந்து பெட்டி வந்தது. வழக்கமான பெட்டியில் செய்த ஊரின் பெயர் சுட்டு எழுதியிருக்கும். இதில் எந்த ஊரும் இல்லை, எண்ணெய்த் தாளுக்குள்ளிருந்து ஒரு புளித்த வாடை மட்டும் வந்தது. எங்கோ கடல் தாண்டிய பட்டறையில், அசலைப் பார்த்து அச்சு எடுத்து வார்த்த சாமான் மாதிரி இருந்தது. கையில் எடுத்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. பார்த்தேன், மறுபடி தாளில் சுற்றினேன்.

அன்று சாயங்காலம் உங்கள் கருவிகளை வாழை இலையில் வரிசையாக வைத்திருந்தீர்கள். அந்த இரும்புக் கையையும் கொண்டுவந்து அதில் வைத்தேன். நானே சந்தனம் பூசினேன், நானே குங்குமம் இட்டேன். புதுச் சாமானுக்கும் பூசை போடட்டும் என்று நினைத்தேனா, நீங்கள் தட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பூசை முடிந்த மறுநாள் காலை நீங்கள் அதைத் தூக்கிப் பிடித்து ஸ்பானரை ஓங்கினீர்கள். ஓங்கிய கை இறங்கவில்லை.

"சாமி பாத்த சாமானை எப்பிடிப்பா அடிக்கிறது? நீயே சொல்லு. சீமைதானே?"

"சீமைதாண்ணே."

சீமை என்றால் நம்மவர்களுக்கு இங்கிலீஷ்காரன் ஊர். கப்பலில் வந்ததையெல்லாம் சீமைச் சாமான் என்று சொல்வதும் உண்டு. நான் அந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில் ஒளிந்துகொண்டேன். நீங்கள் அதை வண்டியில் மாட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தீர்கள். ஒரு பழம் நசுங்காமல் உருண்டு என் காலடிக்கு வந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதைச் சாக்கடையில் தள்ளினேன்.

பத்து நாள் கழித்து ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தீர்கள். அன்று நீங்கள் கத்தவில்லை. "ஸ்டியரிங் கையை ஒதறுது கிராணி. கழட்டித் தட்டிப் பாத்துடவா?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "ஞாயித்துக்கெழமை முடியட்டும்ணே. பொம்பளைங்க சிகாமட்டு டவுனுக்குத் தீவாளித் துணி எடுக்கப் போவணும், ஆசையா இருக்காங்க" என்றேன். என் மனைவியும் போவதாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, பின்னால் இருந்த பெண்கள் எல்லாரையும் இறக்கிவிட்டீர்களாம். "எறங்கி நடந்து வாங்க தாயி. வண்டி மொகம் சரியில்ல. நான் கீழ நிக்கிறேன்." பாதி இறக்கத்தில் இரண்டு முன்சக்கரங்களும் ஆளுக்கொரு பக்கம் திரும்பினவாம். அதற்குப் பிறகு வண்டி பாதையில் இல்லை. ஹாரன் மட்டும் பள்ளத்திலிருந்து வெகுநேரம் கேட்டதாம். "அவரு மட்டும் எறக்கி விடலன்னா..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன். தாங்க முடியவில்லை.

உடைந்த துண்டு எனக்குக் கிடைத்தது. உடைந்த இடம் கருப்பட்டியைப் பிட்டது போல மணல் மணலாக இருந்தது. டிரைவர் வேகமாகப் போய்விட்டார் என்று துரை சொன்னார், பிறகு லயத்து வீடுகளிலும் அதையே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் என் மனைவி உங்கள் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு வைக்கிறாள். பக்கத்தில் நின்று நானும் கும்பிடுகிறேன். கும்பிட எனக்கு என்ன யோக்கியதை?

இன்று வந்த பெட்டியிலும் ஊர் பெயர் இல்லை. புது டிரைவர் மூவார் பக்கத்து ஆள், நல்லவர். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வருவதற்குள் அவரே சாமானை எடுத்து, நாளைப் பூசைக்கு விரித்திருந்த இலையில் வைத்துச் சந்தனம் பூசிவிட்டார்.

"சீமைதானே கிராணியாரே?"

இலையில் இருந்து உங்கள் ஸ்பானரை எடுத்தேன். பள்ளத்தில் கிடைத்த அதை ஒவ்வொரு பூசைக்கும் நான்தான் வைக்கிறேன். சந்தனம் காயாத அந்த இரும்பைத் தூக்கிப் பிடித்து ஓங்கித் தட்டினேன். சுற்றி நின்றவர்கள் பதறிப்போனார்கள். "அலமாக்! பூசை சாமானைப் போயி!" என்று யாரோ கத்தினார்கள்.

இரும்பு முனகியது, அண்ணே.

"சீமையான்னு எனக்குத் தெரியல. மூணு வருசத்துக்கு முன்னாடி வந்ததும் சீமையான்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சீமைன்னு சொன்னேன். அவரு வேகமாப் போவல" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசலில் பூத்தட்டோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது விளக்கு வைக்கும் நேரம். அவள் தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் ஸ்பானர் என் மடியில் இருக்கிறது. இனி எந்தச் சாமான் வந்தாலும், எந்தச் சாமி பார்த்திருந்தாலும், தட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். வீட்டில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. நான் ஸ்டோரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.