இரண்டு காதும் தெரியணும்

11.8.2025, திங்கள்
ராஜபாளையம் போட்டோக் கடையில் இன்று மூன்று ஃப்ளெக்ஸ் போர்டு. மாப்பிள்ளையின் வழுக்கையை மறைத்தேன். சடங்குப் பிள்ளையைச் சிவப்பாக்கினேன். "கலர் கொஞ்சம் ஏத்துங்கண்ணே, அம்புட்டுதான்." அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அம்மாக்காரி சொல்கிறாள். என்ன தாயோ. ஆனாலும் ஏற்றினேன்.

மகள் சிவரஞ்சனிக்கு மாவட்டச் சிலம்பப் போட்டியில் முதல் பரிசு. போர்டு வைக்க வேண்டும் என்று மச்சினன் சங்கிலிப்பாண்டி நிற்கிறான்.

12.8, செவ்வாய்
அவளுக்குப் பிறவியிலேயே இடது காது சுருங்கி, மொட்டு மாதிரி இருக்கும். கேட்பதற்குத் தலைப்பட்டையில் ஒரு கருவி. படத்தில் அவள் வலது காதை நகலெடுத்துத் திருப்பி இடப்பக்கம் ஒட்டினேன். பட்டையை அழித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செட்டியார்பட்டியில் எங்கள் தெருமுனையில் கட்டியாயிற்று. நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தேன்.

14.8, வியாழன்
பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள்: "ஏட்டி, காது எப்ப மொளச்சிச்சு?"

அவள் அழவில்லை. "போர்டுல இருக்க பிள்ள யாருப்பா?" என்றாள். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டாளாம்.

சீ. நானெல்லாம் ஒரு அப்பன். வேறொருவன் செய்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். பத்தடிக்கு அச்சடித்து நானே கட்டிவைத்திருக்கிறேனே.

15.8, வெள்ளி
போர்டைக் கிழித்து இறக்கினேன். "ஆபரேசன் பண்ணிட்டா ஒரேடியா முடிஞ்சிரும்ல மச்சான்?" என்கிறான் சங்கிலிப்பாண்டி. என்ன முடியும்? அவன் வாயா?

30.8, சனி
ஸ்ரீவில்லிபுத்தூரில் மனநல ஆலோசகர் ஹெப்சிபாவைப் பார்த்தோம். ஆபரேஷன் பற்றி நான்தான் கேட்டேன். "பொறவு அவளுக்கே வேணும்னு தோணுனா டாக்டர்ட்ட பேசுவோம். இப்ப அந்தத் தலப்பட்டயே போதும். கேக்கவங்களுக்குப் பதில் சொல்லப் பழகட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல இவ காத யாரு மறைக்கா?" என்று கேட்டார்.

சிவரஞ்சனி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை ஒருபக்கமாகத் திருப்பி நிற்கவைத்துப் படமெடுத்தது யார்? என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

6.9, சனி
இன்றும் போய்வந்தோம். பட்டை மேசைமேல்தான் கிடக்கிறது.

13.9, சனி
பஸ்ஸில் காற்றுக்கு அவள் முடி விலகிவிட்டது. முன்சீட்டுப் பொம்பளை உச்சுக்கொட்டினாள். "பொட்டப்பிள்ளைக்குப் போயி இப்படி."

நான் வாய் திறப்பதற்குள் சிவரஞ்சனி சொன்னாள்: "பொறந்ததுலேருந்து இப்படித்தான். நல்லா கம்பு சுத்துவேன். வேற என்ன வேணும்?"

15.9, திங்கள்
பட்டையோடு பள்ளிக்கூடம் போனாள்.

22.9, திங்கள்
பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போட்டோ வேண்டுமாம். கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் தினம் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை. இவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளே முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, பட்டையைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டு காதும் தெரியணும்லப்பா?" என்றாள்.

எடுத்தேன். படம் கம்ப்யூட்டரில் வந்ததும் பழக்கத்தில் மவுஸுக்குக் கை போனது.

"தள்ளிக்கோங்கப்பா. நானே பிரிண்ட் குடுக்கேன்."

தள்ளி நின்றேன்.