ஹார்லன் கடைப் பிஸ்டல்

பைன் க்ரீக், கென்டக்கி
மார்ச் 3, 1998

அன்புத் தம்பி ஹார்லனுக்கு,

நான் நலம். நீயும் உன் பெண்டாட்டி கிளெண்டாவும் சுகம்தானே? போனில் பேசினால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

துப்பாக்கி கிளப் இதழுக்கு நீ கேட்ட அறிக்கை இத்துடன் வருகிறது. உன் கடையின் நூற்றைம்பது டாலர் பிஸ்டலை இரண்டு வாரம் துடைக்காமலே சுட்டேன். செங்கல் மாதிரி கனம். விசையை இழுத்தால் விரல் வலிக்கிறது. "வெர்னா, அத ஆணி அடிக்கத்தான வாங்கின?" என்று சுட்டுப் பழகும் ரேஞ்சில் கேலி செய்தார்கள். "உங்க துப்பாக்கி விலைக்கு நான் காரே வாங்கிருவேன், போங்கடா" என்றேன். பயிற்சிக்கான உருண்டைமுனைக் குண்டு நானூறு போட்டேன். ஒன்றுகூட உள்ளே சிக்கவில்லை.

பிறகு, வீட்டுக் காவலுக்கு என்று நீ விற்கும் குழிமுனைக் குண்டைப் போட்டேன். நூறில் பதினொன்று சிக்கிக்கொண்டது. நம் ஆட்கள் மலிவுக் குண்டில் பழகிவிட்டு, விலை கூடியதை நிரப்பி, ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காமல் டிராயரில் வைக்கிறார்கள். என் துப்பாக்கி வகுப்புக்கு வரும் ரீத்தாவும் இதே பிஸ்டலை உன்னிடம் வாங்கி அப்படித்தான் வைத்திருக்கிறாள். அவளை அடித்து ஜெயிலுக்குப் போன புருஷன் இருபதாம் தேதி வெளியே வருகிறான்.

அக்கா,
வெர்னா

* * *

மார்ச் 7

அன்பு அக்கா,

அறிக்கை பிரமாதம். குழிமுனைக் குண்டு சிக்கியதைச் சொல்லும் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடுகிறேன். இன்னும் நாற்பது பிஸ்டல் கடையில் கிடக்கின்றன. "சுடச்சுடச் சரியாயிரும்" என்று கம்பெனி ஆளும் சொல்கிறார். நீயாக எதையாவது சொல்லி ரீத்தாவைப் பயமுறுத்தாதே. உடம்பைப் பார்த்துக்கொள். எப்போதும் நீதான் பிடிவாதக்காரி.

ஹார்லன்

* * *

மார்ச் 10

தம்பி,

ஒரு எழுத்தைக்கூட எடுக்காதே. என் பெயர் போட்ட அறிக்கை அது.

ரீத்தாவிடம் சொல்லிவிட்டேன். "புருஷன நம்பித்தான் பல்லு போச்சு. இப்ப கடக்காரரயும் நம்பிட்டேனே!" என்றாள். அவளுடைய பிஸ்டலில் உருண்டைமுனையை நிரப்பி, என் முன்னால் ஐம்பது தடவை சுட வைத்தேன். ஒழுங்காக ஓடியது. அந்தச் செங்கல் இப்போது அவளுக்குப் போதும். ஏழை வாங்கும் சாமான் என்பதால் அதை நான் மட்டம் தட்டவில்லை. அதன் கோளாறை நீ மறைப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மற்றவர்களுக்கு யார் சொல்வது? வாங்கியவர்கள் பெயர் உன்னிடம்தான் இருக்கிறது. எல்லோருக்கும் எழுது. முடியாதென்றால் ஒன்று செய். கிளெண்டாவின் கைப்பையில் இருக்கும் எண்ணூறு டாலர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, குழிமுனைக் குண்டோடு இதைக் கொடு. அவள் வாங்கிக்கொண்டாள் என்று ஒரு வரி எழுது. அந்தப் பத்தியை நானே அடித்துவிடுகிறேன்.

வெர்னா

* * *

மார்ச் 18

அக்கா,

வீம்புக்கு அந்தப் பிஸ்டலை நீட்டிப் பார்த்தேன். கிளெண்டா தொடவில்லை. "அந்தப் பதினொன்னுல ஒன்னு எனக்கு வரட்டும்னு பாக்குறியா?" என்று கேட்டாள். பிறகு பதிவேட்டை எடுத்து, வாங்கியவர்களுக்கு அவளே முப்பத்தாறு உறை எழுதினாள். எல்லாம் தபாலில் போய்விட்டன. அறிக்கையும் முழுசாக வருகிறது. கம்பெனி ஆள் இனி நம் கடைக்குச் சரக்கு இல்லை என்றுவிட்டான். நீ சொன்னது சரி என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதே.

ரீத்தா வீட்டுக்கு நேரிலேயே போனேன். குழிமுனைக் குண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு நல்ல பிஸ்டல் ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கதவைத் திறக்கவில்லை. நான் நீட்டிய பிஸ்டலை ஜன்னல் வழியாகவே பார்த்து, "வெர்னா சுட்டுப் பாத்ததா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்ப எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

ஹார்லன்