ஜாக்கியும் சாணி மெழுகிய தரையும்

ஆவூர்,
1938 மே 3

அன்பு மகன் இருதயநாதனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. சேசு மரி சூசை புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்காகச் செபமாலை உருட்டாத நாள் இல்லை. சுகம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேனே தவிர, உன்னோடு தோட்டத்தில் வேலை பார்க்கிற சந்தனராஜிடம் நீ கொடுத்தனுப்பிய நாய்க்குட்டி வந்து இறங்கியதிலிருந்து இந்த வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது. சிலோனிலிருந்து வருகிறவர்கள் மகன் கொடுத்தான் என்று சேலை கொண்டுவருவார்கள், குடை கொண்டுவருவார்கள், எனக்கு வந்தது தேயிலைப் பெட்டிக்குள் ஒரு நாய். பழைய துரை சீமைக்குப் போகும்போது கொடுத்தது, புதுத் துரைக்கு நாய் ஆகாது, டிசம்பரில் வேறு தோட்டத்துக்கு மாறுகிறேன், அப்போது லீவு எடுத்து வந்து ஜாக்கியைக் கூட்டிப்போகிறேன், அதுவரை வீட்டில் பழக்கி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். நாலு வருஷமாக வா வா என்று நான் எழுதிக் கிடைக்காத லீவு நாய்க்குக் கிடைக்கிறது, இருக்கட்டும்.

நீ எழுதியபடிதான் செய்தோம். பெட்டிக்குள் உன் பழைய வேட்டியைப் போட்டுப் படுக்கவைத்தேன். முதல் நாள் அப்பா பெட்டியின் வாயைப் பலகையால் மூடி மேலே குழவிக்கல்லைத் தூக்கி வைத்தார். அது போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு அடைக்கலமேரி ஓடிவந்து, என்ன மயினி, புள்ளய எதயும் அடச்சுப் போட்டீங்களா என்று கேட்டாள். பிறகு உன் காகிதத்தை இரண்டாம் தடவை படித்தால், மூடாதீர்கள், சோற்றை உள்ளே வைத்தால் தானாகப் போய்ப் படுக்கும் என்று இருந்தது. அப்படிச் செய்ததும் நாலே நாளில் பெட்டி பழகிவிட்டது, உள்ளே ஒரு சொட்டு விடாது. வெளியே வந்தால்தான் வினை. விழித்ததும், தின்றதும் அதைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடுவேன். அது எறும்பைப் பார்க்கும், மரத்தைப் பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும், வந்த வேலையை மட்டும் பார்க்காது. இடுப்பு விட்டுப்போய் உள்ளே கொண்டுவந்து இறக்கினால் நடுவீட்டில் குந்திக்கொள்ளும். அள்ளிக் கொட்டிவிட்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று பசுஞ்சாணி கரைத்து அந்த இடத்தை மெழுகுவேன். மறுபடியும் அதே இடத்தில் போகும், மறுபடியும் மெழுகுவேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை சாணிக்குப் போய் நின்றால் பசுவுக்கே அலுப்பு வராதா. துடைப்பத்தால் இரண்டு போடும் போட்டேன், அடிக்காதே என்று நீ எழுதியிருந்தும்.

அப்பா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். பாஸ்குத் திருநாள் முடிந்து கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வருகிற அன்றைக்கு அது உள்ளே அசிங்கம் பண்ணினால், கந்தர்வக்கோட்டையில் முந்திரித் தோப்புக் காவலுக்கு நாய் கேட்கிற பிச்சைமுத்துவிடம் கொடுத்துவிடுவாராம். அன்றைக்கு மட்டும் வெளியே கட்டிப் போடுவோமே என்றேன். ஒளிச்சு வச்சாப் பழகுனதா ஆயிருமா என்று என்னையே மடக்கினார்.

மந்திரிப்புக்கு இரண்டு நாள் முன்னால் சந்தனராஜ் பயணம் சொல்லிக்கொள்ள வந்தான். நான் நாயைத் திட்டிக்கொண்டே மெழுகுவதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பெரியம்மா, இருதயம் அத மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாலதான் போகப் பழக்குனாரு, சாணி வாடை அடிச்சாத்தான் அது ஒக்காரும் என்றான். அட பாவி மகனே, இதை எழுத உனக்கு மசி தீர்ந்துபோனதா? எலும்பு கொடுக்காதே, மீன் முள் கொடுக்காதே என்று மூன்று பக்கம் எழுதத் தெரிந்தது. முதல் நாளிலிருந்து அது நீ சொல்லிக்கொடுத்தபடிதான் நடந்திருக்கிறது. நான்தான் இங்கே போ, இங்கே போ என்று வீடு முழுக்க மெழுகிக் காட்டிவிட்டு, போனதற்கு அடித்திருக்கிறேன். அன்றைக்கு அதன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாகப் போயிற்று.

உடனே கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன், விட்ட நிமிஷமே போயிற்று. ஆனால் மந்திரிப்பு நாளில் தெருவெல்லாம் சாணி மெழுகியிருக்க, நம் வீட்டுத் தரைக்கு மட்டும் வெறும் செம்மண்ணைக் கரைத்துப் பூசினேன். சாணி போடாத வீட்டுக்கா சாமியாரக் கூப்புடுறீங்க என்று அடைக்கலமேரி நாலு பேர் கேட்கச் சொன்னாள். வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. சாமியார் உள்ளே வந்து தீர்த்தம் தெளித்தார். நாய் பெட்டியை விட்டு வந்து அவர் அங்கியை மோந்து பார்த்தது, தரையை மோந்து பார்த்தது. அது விறுவிறு என்று நடந்துபோய்க் கொல்லைக் கதவைப் பிறாண்டியது. எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டது உன் அப்பாதான். மறுநாள் பிச்சைமுத்துவிடம் வேறு நாய் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஒரு நாய்க்காக ஊர் வாயில் விழுந்து எழுந்தாயே, உனக்கு என்ன வந்தது என்று அப்பா கேட்டார். அவரிடம் நான் சொல்லவில்லை. இந்த நாலு வருஷத்தில் எங்களைப் பார்க்க வருகிறேன் என்று நீ ஒரு காகிதத்திலும் எழுதவில்லை. நாயைக் கூட்டிப்போக வருகிறேன் என்றுதான் எழுதினாய். நாயும் கை மாறிப் போய்விட்டால் நீ வர வேறு காரணம் இருக்காதே என்று பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மலைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, ஈரத் துணியோடு இருக்காதே. பெரியநாயகி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பதில் எழுதும்போது ஜாக்கி தின்கிறதா, தூங்குகிறதா என்று கேட்டுப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். நீ வருகிற தேதியை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலமேரி