ஊர் சுற்றும் மின்சாரம்

மார்ச் ஒன்பது. எனக்கு இன்று எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், இரண்டு நாள்.

மகனுக்கு,

காற்றாலைகளால் எங்கள் ஊர் வளர்ந்துவிட்டதாக நீ எழுதிய அறிக்கையைப் படித்தேன். வளர்ந்த ஊருக்குத் துணைமின்நிலையம் எதற்கென்று அதை வைத்தே மின்வாரியத்தில் எங்கள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். பகல் முழுவதும் மின்வெட்டு. தெருமுனைத் தையற்கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் வேலையின்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

“காத்தாடி நம்ம தலைக்கு மேலதான் சுத்துது. கரண்ட்டு மட்டும் ஊர் சுத்தப் போயிருச்சாம்மா?” என்று கூடத்தை நடத்துபவள் கேட்டாள். அறிக்கை எழுதியவன் என் மகன் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள். ஆதாரமாக உன் அப்பாவின் ஆய்வைக் காட்டியிருக்கிறாய். அந்த ஆய்வை எழுதியவள் நான். உற்பத்தியாகும் மின்சாரம் அங்கேயே பயன்பட்டால்தான் ஊர் வளரும் என்று முடித்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் அவர்.

அம்மா