நான் அடைத்த இரண்டு துளைகள்

அம்மாடி,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு ஆறு நாள், சாப்பிடுகிறாள், நடக்கிறாள், என்னைத் திட்டுகிறாள், தலைவலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. நானும் நலம் என்று ஒரு வரி எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மாடி. அவள் மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தால்கூடப் பக்கத்தில் போய் நின்று நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். நீ பார்த்துப் பார்த்துப் போட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னலையெல்லாம் இந்தக் குளிரிலும் திறந்து போட்டிருக்கிறேன். ஏங்க, என்னை மூச்சுமுட்டாமக் காப்பாத்திட்டு இப்ப குளிர்ல கொல்லப் பாக்கிறீங்களா என்று போர்வைக்குள்ளிருந்து கேட்கிறாள். பகடிக்குத்தான் சொல்கிறாள், நான் ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை.

நேற்று நீ போனில் அழுதாய். நான்தான்ப்பா கணக்குல தப்புப் பண்ணிட்டேன், இவ்வளவு இறுக்கமா அடைச்ச வீட்டுக்கு அந்தக் காற்றுத் துளை பத்தலை, இதே மாதிரி கட்டப்போற நாப்பது வீட்டு வேலையிலிருந்து விலகிக்கிறேன்னு திங்கட்கிழமை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன் என்றாய். உன் அண்ணன் வேறு என் பக்கத்தில் நின்று, மின்சாரம் மிச்சம் பண்றேன்னு இவ திருத்திக் கட்டின வீடுதான் அம்மா கழுத்தை நெரிச்சிருக்கு என்று குதித்துக்கொண்டிருந்தான். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன். போனை வைத்த பிறகு இரண்டு தடவை உன்னைக் கூப்பிட எடுத்தேன், உன் குரலைக் கேட்டால் மறுபடியும் மழுப்பிவிடுவேன் என்று தெரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பும்படி பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். முழுவதும் படி, நடுவில் நிறுத்தாதே.

உன் கணக்கில் தப்பில்லை. அந்தத் துளைகளை நான் அடைத்தேன். குளியலறையில் வெந்நீருக்கு இருக்கிற கேஸ் ஹீட்டரை எடுத்துவிடலாம் என்று வீட்டைத் திருத்தும்போதே நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய், நல்லாத்தானே ஓடுது இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். சரி என்று தரையோரம் ஒன்று, கூரையோரம் ஒன்று இரண்டு துளை வைத்து, அப்பா இதை மட்டும் எந்தக் காலத்திலும் மூடாதீங்க என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாய். மூன்று வருஷம் மூடவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு நாள் கீழ்த் துளையில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று காற்று வந்தது. முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் ரீடிங் எடுத்தவன் அல்லவா, இதன் வழியாக ரூம் ஹீட்டர் சூடு வெளியே போய் எத்தனை யூனிட் வீணாகிறதோ என்று அன்றைக்கு முழுக்க வேறு எண்ணமே ஓடவில்லை. அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து இரண்டையும் இறுக்கி அடைத்தேன், மறுநாள் ரீடிங் ஒன்றரை யூனிட் குறைந்தது. பச்சைப் பிள்ளை மாதிரி உனக்கு அனுப்பினேன், நீயும் எப்படிப்பா குறைஞ்சது, பிரமாதம் என்றாய். வீட்டுல ரூம் ஹீட்டர் போடறதைக் குறைச்சுக்கிட்டோம் என்று கூசாமல் சொன்னேன். அந்த ரீடிங்கைக் காட்டித்தான் உனக்கு நாற்பது வீடும் கிடைத்தது என்று பிற்பாடு நீ சொன்னபோது தெருவெல்லாம் பெருமையடித்தேன், தையல்காரர்கூட மீட்டர் சார் மீட்டர் சார் என்று டீ வாங்கிக் கொடுத்தார். சர்வீஸில் ஒரு வீட்டுக்கும் பொய் ரீடிங் எழுதாதவன் பெற்ற பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

வெயில் காலம் முழுக்க ஜன்னல் திறந்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் குளிர் வந்ததும் எல்லாவற்றையும் சாத்தினோம், துணி அப்படியே இருந்தது, உண்மையைச் சொன்னால் அது அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. அன்றைக்குக் காலையில் அம்மா குளிக்கப் போய் வெகுநேரமாயிற்று, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. கதவைத் தட்டினேன், கத்தினேன், பதிலில்லை. வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்துக் கூவினேன். தையல்காரர்தான் ஓடி வந்து தோளால் இடித்துக் கதவை உடைத்தார். இருவருமாக வாசலுக்குத் தூக்கி வந்தோம், அவள் தலை என் கையில் தொங்கியது. ஹீட்டர் எரிந்து வந்த விஷக் காற்று, வாசமே இருக்காது, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

இனிமேல் சொல்லப்போவதுதான் அம்மாடி நான் செய்த பெரிய பாவம். மறுநாள் கட்டடப் பரிசோதனை அதிகாரி வருகிறார் என்று போன் வந்தது. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு துளையிலிருந்தும் துணியை உருவி என் சட்டை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவர் வந்தார், அளந்தார், துளை எப்பவும் இப்படித் திறந்துதான் இருக்குமா என்று கேட்டார், ஆமாம் சார் என்றேன். அதைக் கேட்டுத்தான் வரைபடத்தில் குறை, காற்றோட்டம் போதவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், பழி உன் தலையில் விழும் என்று அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. எல்லாரும் என்னை என்ன சொல்வார்களோ என்கிற ஒரே பயம்தான். இன்று காலை அந்தத் துணியை எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸுக்குப் போய் மேஜைமேல் வைத்து, நடந்ததை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியவரே, இது தெரியுமா உங்களுக்கு, ஒரு உயிர் சம்பந்தப்பட்டதை மறைச்சிருக்கீங்க, மேலிடத்துல கூப்பிட்டு விசாரிப்பாங்க என்றார். விசாரிக்கட்டும்.

அங்கிருந்து வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவ நாப்பது வீடு கட்டப்போறாளே, அதுல எத்தனை வீட்டுல உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பாரு, அவர் பொண்டாட்டியை யாருங்க தூக்கிட்டு வருவாங்க என்று கேட்டாள். இதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கும்.

அதனால் விலகாதே அம்மாடி. நான் அனுப்பின ரீடிங் பொய் என்பதை ஆபீஸில் நீயே முதலில் சொல்லிவிடு, அவமானம் என்னோடு போகட்டும். கேஸ் ஹீட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். நீ நல்லா இருக்கணும், உன் வேலை நிலைக்கணும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். திங்கட்கிழமை எதிலும் கையெழுத்துப் போடாதே, மறக்காதே. அந்த நாற்பது வீட்டிலும் உன் அப்பாவே குடியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவன் கைக்கு எட்டாத இடத்தில் துளையை வை.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் பயப்படுகிற
உன் அப்பா