கம்பித் தரைக் கூண்டு

ஏப்ரல் 3, வியாழன்

பேத்தி செருப்பு அட்டைப்பெட்டியில் ஒரு பெரிய எலியைக் கொண்டுவந்திருக்கிறாள். எலி இல்லையாம், சின்சில்லாவாம். கூடப் படிக்கிறவள் குடும்பம் வீடு மாறிப் போகிறதாம், இவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். முயல் காது, அணில் வால், சாம்பல் நிற ரோமம். தொட்டால் விரல் எதையோ தொடுகிறது என்பதே தெரியவில்லை. அதற்குள் பஞ்சு என்று பெயர் வைத்தாயிற்று.

"இதுக்கு வெயில் ஆகாது பாட்டி. சூடு ஏறுச்சுன்னா செத்துடும். ஏ.சி. ரூம்லதான் வைக்கணும்."

இந்த வீட்டில் ஏ.சி. இருப்பது ஒரே அறையில்தான். என் அறையில். கோழிப் பண்ணையில் முப்பத்தொரு வருடம் கூண்டு கழுவி, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் நானே வாங்கி மாட்டியது. பேத்தி சொன்னவுடன் மருமகள் தலை நிமிர்ந்தது. எனக்குத் தெரியாத பார்வையா அது? கல்யாணமாகி மூன்றாம் நாள், ஈரத் தலையோடு என் வாசலில் நின்று, "இந்த ரூம்லதான் காத்து நல்லா வருதுல்ல" என்றாளே. பதினெட்டு வருடம் ஆகிறது. அவள் மறந்திருப்பாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

மருமகள் அளவு நாடாவோடு வந்தாள். சுவரை அளக்கவில்லை. என் கட்டிலை அளந்தாள். நான் அதன் மேல் உட்கார்ந்திருக்கும்போதே.

போனில் ஒரு கூண்டைக் காட்டினாள். ஆள் உயரம், மூன்று அடுக்கு, ஏணி, தட்டு. அது தாவிக்கொண்டே இருக்குமாம், உயரம் வேண்டுமாம். அதை நிறுத்த என் கட்டில் கிடக்கும் இடம் ஒன்றுதான் தோதாம்.

"நீங்க ஹால்ல படுத்துக்கலாம் அத்தை. டிவி பாத்துக்கிட்டே தூங்கலாம்."

"இது எத்தனை நாள் உயிரோட இருக்கும்?" என்று கேட்டேன்.

"நல்லா வளத்தா இருபது வருஷம்கூட இருக்குமாம் பாட்டி!" என்றாள் பேத்தி.

எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. ஆக, யாருக்கு அறை, யாருக்கு ஹால் என்பது அவர்களுக்குத் தெளிவாகவே இருக்கிறது.

மகன் விலையைப் பார்த்து முகம் சுளித்தான். அந்த இடத்தில் பிடித்துக்கொண்டேன். "கூண்ட நான் பாத்துக்கறேன். என்னைவிடக் கூண்டு தெரிஞ்சவ இந்த வீட்டுல யாரு? இதுல பாதி விலைக்கு, இந்த மூலைக்குள்ள அடங்கற மாதிரி கொண்டு வரேன். கட்டில் நகராது."

அவனுக்குச் செலவு குறைந்தால் போதும். சரி என்றான். அவள் சும்மா விடுவாளா? "அதுக்கு ஒத்து வரலன்னா பெரிய கூண்டுதான். அப்ப மறுபேச்சு பேசக் கூடாது அத்தை."

ஒரு வாரம் தவணை.

ஏப்ரல் 5, சனி

அட்டைப்பெட்டியைத் தின்றுவிட்டு வெளியே வந்துவிட்டது. என் செருப்பின் வாரைக் காணோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரன் என் பேரன் வயதுக்காரன், தாடி மட்டும் தாத்தா அளவுக்கு. மலிவாக இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

கிளிக் கூண்டு: "கம்பிக்கு நடுவுல என் விரல் போகுது பாருங்க. தலைய விட்டு மாட்டிக்கும்." அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்தது: "ஒரே வாரத்துல கடிச்சுத் தின்னுடும். வயிறு அடைச்சுக்கும்." முயல் கூண்டு, தரையும் கம்பி: "இது வேணவே வேணாம். குதிக்கறப்ப கால் கம்பிக்குள்ள இறங்குச்சுன்னா சுள்ளி மாதிரி ஒடிஞ்சிடும். அடியில மரப்பலகை இருக்கணும் பாட்டி."

பலகைத் தரை போட்டதெல்லாம் மருமகள் போனில் காட்டிய விலைதான். உயரமும் அதேதான்.

"எங்க பண்ணையில பத்தாயிரம் கோழி கம்பித் தரையிலதான் நின்னுது. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல" என்றேன். எத்தனைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?

"இது அடிச்சுத் திங்கறதுக்கு இல்ல பாட்டி, வளக்கறதுக்கு" என்றான். கடையில் நின்றிருந்த, சிவப்புப் பை மாட்டிய ஒருத்தி பல் தெரியச் சிரித்தாள். கீழ் வரிசையில் ஒரு பல் கறுத்திருந்தது. எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பண்ணைக்குக் கூண்டு அடித்துக் கொடுத்த வெல்டரைத் தேடிப் போனேன். இப்போது கேட்டுக்கும் ஜன்னலுக்கும் கம்பி ஒட்டுகிறான். என்னைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கிவிட்டு, "அக்கா! நீ இன்னும் போய்ச் சேரலயா?" என்றான்.

"உன்னை முன்னால அனுப்பி வச்சுட்டு வரலாம்னு இருக்கேன்."

கொல்லைப்புறத்தில் பழைய முட்டைக்கோழிக் கூண்டுகள் கிடந்தன. முட்டை உருண்டு வரச் சாய்த்து வைத்த கம்பித் தரை. இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, நடுவில் அறுத்து, தரையைச் சமமாக்கித் தரச் சொன்னேன். மூன்றடி உயரம், மூலைக்குள் அடங்கும். விலை பாதிகூட இல்லை.

"எதுக்குக்கா? கோழியா?"

"ஒரு மாதிரி எலி."

கம்பிகளின் இடைவெளியைத் தடவிப் பார்த்தான். "அடியில ஒரு பலகை அறுத்துப் போட்டுத் தரவா? சின்னக் கால்னா இறங்கிடும்."

வேண்டாம் என்றேன். பலகை போட்டால் மூத்திரம் ஊறும். நாலு நாளில் நாறும். மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள், 'அத்தை ரூம்ல நாத்தம், சரிப்படல' என்பாள். அதற்குத்தானே காத்திருக்கிறாள்? கம்பி என்றால் எல்லாம் கீழே தட்டில் விழும், இழுத்துக் கழுவிவிடலாம். முப்பத்தொரு வருடம் என் வரிசையில் நாற்றம் என்று ஒருவன் சொன்னதில்லை.

ஏப்ரல் 9, புதன்

கூண்டு வந்தது. மூலையில் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. கட்டில் ஓர் அங்குலம் நகரவில்லை. மருமகளுக்கு விளக்கெண்ணெய் குடித்த முகம்.

பேத்திதான் குனிந்து பார்த்தாள். "தரை கம்பியா இருக்கே பாட்டி? பலகைதான் போடணும்னு படிச்சேனே."

"கடைக்காரனையே கேட்டுட்டேன்டி. கம்பிதான் நல்லதுன்னான். சுத்தமா இருக்குமாம்."

வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அவள் நம்பினாள். மருமகள் மட்டும், "கடைக்காரரே சொன்னாரா?" என்று இழுத்தாள்.

"போன் போட்டுக் கேளேன்."

கேட்கவில்லை. பேத்தி பாதி உயரத்தில் அது ஏறி உட்கார ஒரு மரத் துண்டைக் கட்டினாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பேத்தி தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் அறைக்கு வருகிறாள். பதினோரு வயதுக்குப் பிறகு என் கட்டிலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. 'பாட்டி, சாப்பிட்டாச்சா' என்று வாசலோடு சரி. இப்போது சப்பணம் போட்டு உட்கார்ந்து கதை கேட்கிறாள். பண்ணையில் என் சம்பள உயர்வைத் தன் மச்சினிக்குத் தூக்கிக் கொடுத்த மேற்பார்வையாளனைப் பற்றிச் சொன்னேன். அவன் சட்டை நிறம் முதற்கொண்டு.

"எப்படிப் பாட்டி இதெல்லாம் ஞாபகம் இருக்கு?"

மறந்தால் அவனுக்கு லாபம்தானே?

அது தண்ணீரில் குளிக்காதாம். ஒரு கிண்ணத்தில் மெல்லிய மண்ணைக் கொட்டினால் புரண்டு புரண்டு எழுகிறது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பின்னங்கால் அடியில் சிவந்திருக்கிறது. கோழிக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எண்ணெய் தடவினேன். பேத்தியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

பலகை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் என்ன? போட்டால், 'கம்பிதான் நல்லதுன்னு கடைக்காரர் சொன்னாரே' என்று மருமகள் கேட்பாள். போடவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். அறை வெந்துகொண்டிருந்தது. ஏ.சி. நின்றிருந்தது. கூண்டுக்குள் அது பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது, காது இரண்டும் செக்கச்செவேல்.

"ஆளில்லாத ரூம்ல எதுக்கு ஓடணும்னு அணைச்சேன். அரை மணி நேரம்தானே அத்தை" என்றாள் மருமகள். ஆளில்லாத அறை! யாருக்காக என் கட்டிலை அளந்தாள்?

ஏ.சி.யைப் போட்டேன். அரை மணியில் எழுந்துவிட்டது. சாயங்காலம் பேத்தி கையிலிருந்து காய்ந்த புல்லைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை பத்து மணி. பேத்திக்குப் பரீட்சை. மகன் வேலைக்குப் போய்விட்டான். மருமகள் காய் வாங்கப் போயிருந்தாள்.

மரத் துண்டிலிருந்து குதித்தது. வழக்கமான சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். பின்னங்கால் கம்பிக்குள் தொடைவரை இறங்கி, உடம்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. விடுவித்தேன். கால் தோலில் தொங்கியது. எலும்பு தெரிந்தது. கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது, அவ்வளவுதான்.

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்? டாக்டரிடம் கொண்டு போனால் முதல் கேள்வி தரையைப் பற்றித்தான். கடைக்காரன் சொன்னது வெளியே வரும். பெரிய கூண்டு வரும், கட்டில் போகும். அதுகூடப் போகட்டும் — போகட்டுமா? — பேத்தி என் முகத்தைப் பார்த்து, 'பொய் சொன்னீங்களா பாட்டி?' என்பாள். மறுபடியும் வாசலோடு நிற்பாள்.

பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. கால் ஒடிந்ததை மத்தியானம் வரை வைத்திருக்கக் கூடாது. என் வரிசையில் நான் வைத்திருந்ததில்லை. பழகிய கை. இரண்டு விரலே போதுமாக இருந்தது.

அப்புறம் கம்பியைத் துடைத்தேன். அதைத் துண்டில் சுற்றினேன்.

மருமகள்தான் முதலில் வந்தாள். "செத்துக் கெடந்துச்சு. நேத்துச் சூடு" என்றேன். காய்ப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பேத்தி வந்தாள். "நேத்து உங்கம்மா ஏ.சி.ய அணைச்சு வச்சிருந்தா. உள்ளுக்குள்ளயே சூடு அடிச்சிருக்கும்போல" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். துண்டைப் பிரிக்கக் கேட்டாள். வேண்டாம்டி, பார்த்தால் தாங்க மாட்டாய் என்றேன்.

மகன் புதைக்க எடுத்துப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தான். காலைப் பார்த்தான். திரும்பி ஜன்னலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். துண்டை மூடினான்.

மே 1, வியாழன்

பேத்தி அவள் அம்மா போட்ட தட்டைத் தொடவில்லை. நான் போட்டேன், சாப்பிட்டாள்.

மே 4, ஞாயிறு

மகன் வந்து நின்றான். "அம்மா, அதோட காலு..."

"என்ன காலு?"

"ஒண்ணுமில்ல" என்று போய்விட்டான். அவன் அப்பாவும் அப்படித்தான், பாதியிலேயே விழுங்கிவிடுவார். அந்தக் குணத்தால் நான் பட்டது கொஞ்சமில்லை. முதல் தடவையாக அது எனக்கு உதவியது.

மே 6, செவ்வாய்

மருமகள் வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறா அத்தை. நேத்து, 'நீ கொலைகாரி'ன்னுட்டா. பெத்த பொண்ணு... நான்தான் கொன்னுட்டேனா அத்தை? அரை மணி நேரம்தானே? சாயந்தரம் நல்லாத்தானே தின்னுச்சு? நீங்க கூடவே இருந்தீங்களே, நீங்க சொல்லுங்க."

நான் சொன்னால் போதும். 'சூட்டால இல்லடி' என்று மூன்று வார்த்தைகூட வேண்டாம். பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அது எப்படி இருந்தது என்று எழுதத்தான் வேண்டுமா? நன்றாக இருந்தது.

"சூடுங்கறது அப்படித்தான். உடனே காட்டாது. மறுநாள்தான் ஆளைத் தூக்கும்" என்றேன்.

தலையாட்டினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மே 10, சனி

பேத்தி என் மகள் வீட்டுக்குப் போகிறாள். அங்கேயே தங்கிப் படிக்கப் போகிறாளாம். அம்மா இருக்கிற வீட்டில் இருக்க மாட்டாளாம். மகன் கெஞ்சிப் பார்த்தான். மருமகள் கெஞ்சக்கூட இல்லை, துணிகளை மடித்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

கிளம்பும்போது என்னிடம் மட்டும் வந்தாள். "நீங்க ஒருத்தர்தான் பாட்டி அத நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

போகாதேடி என்று வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பாள். அதற்கு நான் என்ன சொல்வது?

கதவு வரை போனேன். பேத்தி அவள் அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மே 14, புதன்

போன் வரவில்லை. பரீட்சை முடிவு பார்க்கும் மும்முரமாக இருக்கும்.

மே 19, திங்கள்

வெல்டர் வந்து கூண்டைத் திரும்ப எடுத்துப் போனான். மகன் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தான். என்னிடம் பேசவில்லை. அவன் இந்த அறைக்குள் வந்தே இரண்டு வாரம் இருக்கும்.

மத்தியானம் மருமகள் சாப்பாடு கொண்டுவந்தாள். இப்போதெல்லாம் அவள்தான் கொண்டுவருகிறாள், கூப்பிடாமலே. குரல் இறங்கிவிட்டது. காலி மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ரூம் உங்களுதுதான் அத்தை. இனிமே யாரும் கேக்க மாட்டோம்."

சரி என்றேன்.

ஏ.சி.க்கு நேராகக் கையை நீட்டி காற்று வருகிறதா என்று பார்த்தாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை. "குளிர் போதுமா அத்தை? கூட்டி வைக்கட்டுமா?"

போதும் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு, குளிர் வெளியே போய்விடாமல் கதவை இறுக்கிச் சாத்திவிட்டுப் போனாள்.